இருபத்தேழாம் நம்பர் ரத்தம்!

"ஐயோ... ரத்தம் போச்சு!"

1976 ஜூலை. மெல்பர்ன் குளிரிலும் விக்னராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் கிடந்தது ஒரு வெள்ளை ஜெர்சி. நம்பர் இருபத்தேழு. அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை அணைத்துக்கொண்டு புயலாய்ப் பாய்ந்த ஹாங்க் டெல்மர், தன் கடைசி ஆட்டத்தில் மூக்குடைந்து, ரத்தம் சொட்டச் சொட்ட ஓடியபோது போட்டிருந்தது. அவர் ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகிவிட்டது.

ஜெர்சியின் மார்பில் இருந்த சிவப்புக் கறை...

இப்போது மஞ்சள்!

"கல்யாணி! என்ன செய்தனீர்?"

"தேசிக்காய் பிழிஞ்சனான்."

மனைவியின் கையில் பாதி எலுமிச்சை.

"பதினொரு மணிக்குச் சேகர் வாறான்! அவனுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

சேகர் மெட்ராஸ்காரன். சிட்னியில் பழம்பொருள் வியாபாரம். நேற்றுத்தான் ஜெர்சியை நம்பி வைத்துவிட்டுப் போயிருந்தான். பதிலுக்கு அவன் கேட்டது, டெல்மர் கையெழுத்திட்ட ஹெல்மெட்! ஒஹையோவில் படித்த காலத்தில் நான்கு மணி நேரம் பனியில் நின்று விக்னராஜா வாங்கிய கையெழுத்து. கொடுக்க மனசு அடித்துக்கொண்டது.

ஆனாலும்... ரத்தமாயிற்றே!

டிங் டாங்!

"சார், ரெடியா? ஹெல்மெட்டைக் குடுங்க, ட்ரெயினைப் பிடிக்கணும்!"

சிரித்தபடி நுழைந்த சேகர் மேசையைப் பார்த்தான். சிரிப்பு செத்தது.

"என்ன சார் இது! நாசம் பண்ணிட்டீங்களே! பேச்சு பேச்சுதான். ஜெர்சியை நீங்களே வச்சுக்குங்க. ஹெல்மெட் எனக்கு!"

விக்னராஜா தலை குனிந்து எழுந்தார்.

"இருங்கோப்பா." கல்யாணி குறுக்கே வந்தாள். "தம்பி, பத்து வருசத்து ரத்தம் கறுத்துப் போகாதோ?"

"வீரனோட ரத்தம்ங்க..."

"வீரன்ர ரத்தம் தேசிக்காய்க்கு மஞ்சளாகுமோ? மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால்தான் இப்பிடிச் சிவக்கும். புளிப்புப் பட்டால் திரும்பவும் மஞ்சள். என்ர கலியாணச் சாறியில ஆலாத்தித் தண்ணி தெறிச்சு, அம்மா தேசிக்காய் போட்டுத் தேய்ச்சவ. அமெரிக்காக்காரன்ர மூக்கில ஆலாத்தித் தண்ணியோ ஓடுறது?"

இப்போது ரத்தம் இல்லாதது சேகரின் முகத்தில்!

"மை தண்ணில கரைஞ்சிடும்ங்க... ஆரத்திக் கறைன்னா போகாதேன்னு..."

"பொலிசுக்கு ஃபோன் எடுக்கட்டோ?"

சேகர் ஓடினான். டெல்மர்கூட அந்த வேகத்தில் ஓடியிருக்க மாட்டார்!

"ஹெல்மெட் தப்பிச்சுது!" விக்னராஜா கூத்தாடினார். "கெட்டிக்காரி! எப்பிடிச் சந்தேகம் வந்தது?"

"சந்தேகமோ? ஜெர்சிக்கு ஹெல்மெட் மாத்துற பேச்சை எப்பிடியாவது குழப்போணும் எண்டுதான் விடியத் தொடக்கம் அந்த ஜெர்சியைப் புரட்டிப் புரட்டிப் பாத்தனான்..."

"ஏன் குழப்போணும்?"

கல்யாணியின் கண் அலுமாரிப் பக்கம் போய் வந்தது.

விக்னராஜா அலுமாரிக்குப் பாய்ந்தார். பெட்டியைத் திறந்தார்.

காலி!

"கல்யாணீ...!"

"பின்வளவிலயப்பா. கறிவேப்பிலைக் கண்டு பனியில கருகாமல் மேல கவிட்டு வச்சிருக்கிறன். மூண்டு கிழமையாய்."

"கை... கையெழுத்து?"

"மழையில கழுவுப்பட்டுப் போச்சு. ஆனா கண்டு ஆறு இலை விட்டிட்டுது!"

விக்னராஜா கதிரையில் பொத்தென்று விழுந்தார்.

கல்யாணி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"பெடியன் இன்னும் பஸ் ஸ்டாப்பிலதான் நிக்கிறான். கூப்பிடட்டே? ஒரு கையெழுத்துப் போடுறது அவனுக்குப் பெரிய வேலையே!"