சிவப்புப் பைகளின் முடிச்சு

முடிச்சு வேறு மாதிரி இருந்தது.

கப்பலின் அடித்தட்டில், பகலும் இரவும் ஒரே குழல்விளக்காக எரியும் சலவை அறையில், அவன் அந்தச் சிவப்புப் பையைப் பிடித்தபடி நின்றான். நோயாளிகளின் படுக்கைத் துணிகள் இந்தப் பைகளில்தான் வரும். வெந்நீரில் பையே கரைந்துவிடும் என்பதால் திறக்காமல் இயந்திரத்தில் போட வேண்டும். மேலே அறை துடைக்கிறவர்கள் அவசரத்தில் ஒற்றை முடிச்சுதான் போடுவார்கள். இதில் இரண்டு. நுனிகள் உள்ளே செருகியிருந்தன. அவன் மனைவி குப்பையைக்கூட அப்படித்தான் கட்டுவாள்.

அவள் உடலைக் குளிரறையில் வைத்து இரண்டு நாளாகிறது.

ஒலிபெருக்கியில் கேப்டன், "சில பயணிகளுக்கு லேசான வயிற்று அசௌகரியம்" என்றார். பாதிக் கப்பல் கழிவறையில் கிடந்தது. அவர் குரல் மட்டும் கஞ்சி போட்ட சட்டையாக விறைத்திருந்தது.

"லேசாம்ல!" என்றார் சலவை சூப்பர்வைசர். "இவருக்கு வரட்டும், அப்பத் தெரியும் லேசு. நீ போய்ப் படு தம்பி."

"படுத்தா தூக்கம் வரலண்ணே."

அவர் போய்விட்டார். பிளீச்சிங் நெடிக்கு அடியில் ஏதோ புளித்து நாறியது.

ஐந்து நாள் முன்பு, சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற அவள் தங்கள் அறையில் குனிந்து வாந்தியெடுத்தபோது, அவன்தான் முதுகைத் தடவிவிட்டான்.

"யார்ட்டயும் சொல்லிடாதீங்க. அடுத்த துறைமுகத்துல என்னை மட்டும் இறக்கி விட்ருவாங்க."

"இறக்கிட்டா, நீ இல்லாம இங்க நான் மட்டும் என்ன பண்றது?"

சொல்லவில்லை. அவள் விரிப்பைச் சிவப்புப் பையில் போடாமல், சாப்பாட்டு மேசைக் கைத்துண்டுகளோடு சேர்த்துப் பச்சைத்தண்ணீரில் அலசினான். முந்நூறு பேர் அவற்றில் வாய் துடைத்தார்கள். அவளும் மறுநாள் பரிமாறப் போனாள்.

கடைசியில் மருத்துவர், "முதல் நாளே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்த பையை எடுத்தான். இரண்டு முடிச்சு. அதற்கடுத்தது. இரண்டு. சுவரோரம் குவிந்திருந்த அத்தனையும். நுனிகள் உள்ளே.

இயந்திரம் சுற்றி ஓய்ந்தது. சத்தம் ஓயவில்லை.

குமட்டல். அடக்கிய குமட்டல். பக்கத்து அறைக்குக் கேட்டுவிடுமோ என்று அவள் வாயைப் பொத்திக்கொள்வாளே, அது.

ஒரு பை சுருங்கியது. விரிந்தது. இன்னொன்று. பிறகு எல்லாம்.

கதவு மூன்றடியில் இருந்தது. அவன் போகவில்லை.

"சொல்லமாட்டேன்மா," என்றான். "யார்ட்டயும் சொல்லல."

மண்டியிட்டு, அருகிலிருந்த பையை மெல்லத் தடவினான்.

உள்ளங்கைக்குக் கீழே, ஈரத் துணிகளுக்குள், ஒரு முதுகெலும்பு கணுக்கணுவாக வளைந்துகொடுத்தது.