முழங்கை ஆழம்

அன்று பிற்பகல் மீன்குளத்தில் கையை விட்டபோது, மணிக்கட்டோடு அவருடைய கை முடிந்துபோயிருந்தது.

வலி இல்லை. விரல்களை அசைத்தால் அசைந்தன. பார்க்கத்தான் எதுவும் இல்லை. பெயின்ட் டப்பாவைத் திறந்தது போல் கெட்டியான பச்சை மட்டும். வெளியே எடுத்து விரல்களை எண்ணினார். முப்பது வருடம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் தன் விரல்களையே எண்ணிச் சரிபார்ப்பது அவ்வளவு கௌரவமான காட்சி அல்ல என்பதால், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பியும் பார்த்துக்கொண்டார்.

குளம் மனைவியின் அண்ணனுடையது. அவருக்குப் பிழைப்பே அதுதான். வெளியூர் கிளம்பும்போது மச்சான் படித்துப் படித்துச் சொன்னார்: "மாப்ளே, தண்ணி லேசா பச்சையாகணும். அந்தப் பாசிதான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பாருங்க. உள்ளங்கை தெரிஞ்சா கொஞ்சம் உரத்தைக் கரைச்சு ஊத்துங்க. தெரியலைன்னா சும்மா இருங்க. சும்மா இருக்கத்தான் ஆபீஸ்ல நல்லாப் பழகியிருப்பீங்களே."

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சட்டைக் கையை மடித்துவிடுவது தன் பதவிக்கு அழகல்ல என்பது அவர் கொள்கை. பதவி போனாலும் கொள்கை போகவில்லை. முழுக்கைச் சட்டை நனையாதபடி உள்ளங்கையை மட்டும் முக்கினார். பளிச்சென்று தெரிந்தது. தெரியாமல் எங்கே போகும்? உரம் ஊற்றினார். மறுநாளும் தெரிந்தது. மறுநாளும் ஊற்றினார். இப்படியே பத்து நாள்.

அன்று மாலை மச்சான் திரும்பி வருகிறார்.

மூன்று நாளாக வெயில் இல்லை. காற்றும் இல்லை. மேகம் தாழ்ந்து, நனைந்த சாக்கு மாதிரி குளத்தின்மேல் கிடந்தது. கரையெங்கும் கெட்ட முட்டை வாடை. மழை தூறுகிறதென்று முதலில் நினைத்தார். சட்டையில் ஒரு துளி இல்லை. ஆனால் தண்ணீர்ப் பரப்பெங்கும் அந்தச் சத்தம், ஒட்டிய உதடுகள் பிரிவது போல, ஆயிரக்கணக்கில்.

"என்னங்க!" கரையிலிருந்து மனைவி அலறினாள். "பாசி மண்டிப்போய் மீனெல்லாம் மேல வந்து மூச்சுக்குத் தவிக்குது! என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"முறைப்படிதான்..."

"உங்க முறையைக் கொண்டுபோய் உடைப்புல போடுங்க. இதுங்க செத்தா எங்க அண்ணனும் செத்தான். மோட்டாரைப் போட்டு நல்ல தண்ணி விடுறேன். பச்சை குறையுதான்னு கையை விட்டுப் பாருங்க. முழுசா விடணும், ஆமா!"

மோட்டார் உறுமியது. வாழ்நாளில் முதல்முறையாகச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். கரையோரம் போட்டிருந்த பலகையில் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டார். தோல்மேல் பச்சை வெதுவெதுப்பாக ஏறியது.

காத்திருந்தார்.

உதட்டுச் சத்தம் நின்றது. ஒன்றொன்றாக அல்ல. எல்லாம் ஒரே சமயத்தில்.

ஒரு மீனும் மிதக்கவில்லை. ஒரு மீனையும் காணவில்லை.

"தெரியுதா?" என்றாள்.

புதுத் தண்ணீர் வந்து பச்சை கலைந்தது. அடியில் வெளுப்பாக ஓர் உள்ளங்கை.

"தெரியுது!" அவருக்கு அழுகையே வந்துவிட்டது. விரல்களை மடக்கினார். மடங்கின. நகம் சதையில் பதிந்தது.

கீழே தெரிந்த கை மடங்கவில்லை.

அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. கரையிலிருந்து கரை வரை. விரித்த கைகள். மேலே வந்துகொண்டிருந்தன. நீர்ப்பரப்பைத் தொட்டதும் ஒவ்வொரு உள்ளங்கையின் நடுவிலும் ஒரு பிளவு. வட்டமாய்த் திறந்தது. காற்றை விழுங்கியது. மூடியது. திறந்தது.

மீண்டும் அந்தச் சத்தம்.

கையை உருவிக்கொண்டு பலகையிலிருந்து பின்னால் விழுந்தார். மனைவி ஓடி வந்தாள்.

"என்னாச்சு? கடிச்சிடுச்சா? கையைத் திறங்க, பாப்போம்."

திறக்கவில்லை. மறுகையால் முஷ்டியை இறுகப் பொத்தினார்.

மூடிய விரல்களுக்குள், ஈரமாய், ஏதோ ஒன்று திறந்து, மூச்சுக்குத் தவித்து, மூடியது.