கட்டுச்சோறு கொண்டுவந்தவள்

"ஏ புள்ள! தியேட்டர் வாசல்ல நின்னு கண்டவளோட பைக்குள்ள கைய உடற பொழப்பு... சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சா என்ற மானம் என்னாகும்?"

காலைக் காபியை உறிஞ்சிக்கொண்டே கத்தினார் குப்பண்ணன். அந்தக் காபித்தூளே மனைவி பெரியம்மாளின் தியேட்டர் சம்பளத்தில் வாங்கியதுதான். கொல்லங்கோட்டில் அவர் அப்பன் வைத்துவிட்டுப் போன வயல் காய்ந்து கிடக்கிறது. கட்டிலை விட்டு இறங்காத மகராசனுக்கு மானத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை!

பெரியம்மாள் வேலைக்குக் கிளம்பினாள். சித்திரை விஷுவும் பள்ளி விடுமுறையும் சேர்ந்தால் தியேட்டரில் கூட்டம் நெரியும். பெண்களின் பையைச் சோதிக்க அந்த சீசனுக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்துவிட்டாள். எல்லாம் யாருக்காக? ஒரே மகள் யோகப்பிரியாவுக்காக! அவளுக்கு இது ஏழாம் மாதம். வருகிற ஞாயிறு கோவிந்தாபுரத்துச் சம்பந்தி வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய், விருந்து போட்டு, மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரி இருட்டில் கொல்லைக்கு நடக்கக்கூடாதே என்று உள்ளறையை ஒட்டிக் குளியலறை கட்டிக்கொண்டிருந்தாள் தாய். தியேட்டர் வேலையைப் பற்றி மட்டும் மகளிடம் மூச்சுக்கூட விடவில்லை.

அன்று மத்தியான ஆட்டம். தள்ளுமுள்ளுக்கு நடுவே ஒரு பை அவள் முன் நீண்டது. நிமிர்ந்தாள். மேடிட்ட வயிற்றோடு யோகப்பிரியா! பக்கத்தில் பையை நீட்டியவள் நாத்தனார் வனிதா. மஸ்கட்டில் இருந்ததால் கல்யாணத்துக்கு வராதவள். பெரியம்மாள் முகம் அவளுக்குத் தெரியாது.

பைக்குள் ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டை. மகளுக்குத்தானே... பேசாமல் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சேச்சி! வெளிச் சாப்பாடு உள்ள விடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" சூப்பர்வைசர் ஜோபி பின்னாலேயே நின்றிருந்தான்.

பெரியம்மாள் ஜிப்பைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்தாள்.

வனிதாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "புள்ளத்தாச்சி வாயில போறதப் புடுங்கறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? உன்ற வயித்துல ஒண்ணும் பொறக்கலியா?"

பெரியம்மாள் மகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... 'அண்ணி, இவங்க என்ற அம்மா' என்று ஒரே ஒரு வார்த்தை! யோகப்பிரியா சுவரில் இருந்த சினிமா போஸ்டரைப் பார்த்துக்கொண்டே, "விடுங்க அண்ணி, இதுககிட்ட என்ன பேச்சு!" என்றாள்.

இதுக! சுமந்து பெற்றவள் இதுக! பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்?

சாயங்காலம் போன் வந்தது. "எதுக்கும்மா அங்க போய் நின்ன? ஞாயித்துக்கெழம வந்துராத. அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிர்றேன். அண்ணி உன்னயப் பாத்தா நான் அந்த ஊட்டுல தலை நிமுந்து நடக்க முடியாது!"

காய்ச்சல் யோசனை குப்பண்ணனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பெரியம்மாள் அழுதாள். அழுது தீர்த்துவிட்டு, ஞாயிறு விடியுமுன்னே புளி கரைத்தாள். தாய்வீட்டுச் சோறு வராவிட்டால் நாளைக்கு மகளைத்தானே குத்திக் காட்டுவார்கள்? எலுமிச்சை, தேங்காய், புளி, எள்ளு, தயிர் என்று சோற்றுத் தூக்குகளோடு ஜீப்பில் போய் இறங்கினாள்.

வாசலுக்கு வந்த வனிதா அப்படியே நின்றுவிட்டாள். "இவங்க... தியேட்டர்ல..."

"இல்லீங்க அண்ணி!" யோகப்பிரியா பதறிக்கொண்டு குறுக்கே வந்தாள். "அது வேற யாரோங்க!"

வீடே பெரியம்மாளின் வாயைப் பார்த்தது. ஆமாம், வேறு யாரோதான் என்று தலையாட்டினால் போதும். மகளும் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"நாந்தானுங்க அது," என்றாள் பெரியம்மாள்.

வனிதா ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ அத்தை! வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே..." அழுதபடியே யோகப்பிரியா பக்கம் திரும்பினாள். "ஏண்டி, பெத்தவளை நான் அந்தப் பேச்சுப் பேசறப்ப வேடிக்கை பாத்துட்டு நின்னியே, உனக்கு நெஞ்சே இல்லியா?"

யோகப்பிரியா தாயின் தோளில் விழுந்து தேம்பினாள். "தப்புதாம்மா... என்னய மன்னிச்சிரு. நம்ம ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா!"

பெரியம்மாள் மகளை அணைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துவிட்டாள். மனையில் உட்கார வைத்து, ஐந்து வகைச் சோற்றையும் தன் கையாலேயே ஊட்டினாள். எல்லோருக்கும் பரிமாறி, வெற்றிலை பாக்கும் மாற்றினாள். முறையில் ஒன்றும் குறையவில்லை.

ஜீப் கிளம்பும் நேரம் யோகப்பிரியா பெட்டியோடு வந்து நின்றாள்.

"நீ இங்கயே இரு, அம்முணி. உங்கண்ணி நல்லாப் பாத்துக்குவாங்க."

"அம்மா..."

"பை சோதிக்கறவ ஊட்டுல புள்ளை பெத்தீன்னா, நாளைக்கு அந்தப் புள்ளைகிட்டயும் நான் வேற யாரோன்னுதான கண்ணு சொல்லோணும்?"

காலித் தூக்குகளை எடுத்துக்கொண்டு, எல்லோரையும் கும்பிட்டாள்.

"சாயங்கால ஆட்டத்துக்குக் கூட்டம் வந்துருமுங்க. நான் போயிட்டு வாரேனுங்க."