முந்திரிப்பூ செசோன்

"ஒண்ணுமே இல்லியே மேடம். தண்ணி மாதிரி இருக்கு" என்றார் கலியபெருமாள்.

பெர்னதெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீராம்! பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பில் பூப்பூவாய் முகர்ந்து பிடித்து வந்த காட்டு ஈஸ்ட். நொதிக்கும்போது பாதி வேலையில் படுத்துக்கொண்டு, இருபது நாள் அசையாமல் கிடந்து அவளை அழவைத்துவிட்டு, பிறகு தானாகவே எழுந்து சர்க்கரையைத் துளி விடாமல் தின்று முடித்த ஈஸ்ட். ஆறு வருஷ உழைப்பு அது. அதில் காய்ச்சிய பீரைக் குடித்துவிட்டு, சுவைப்பதிவகத்து அதிகாரி உதட்டைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் என்கிறார்.

"நல்லா குடிச்சுப் பாருங்க சார். மூக்குல மிளகு ஏறுதா இல்லியா? ஒரு மிளகுகூடப் போடல, அத்தனையும் ஈஸ்ட் பண்ற வேலை. அப்புறம் முந்திரிப்பூ, காஞ்ச புல்லு..."

கலியபெருமாள் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சுவைச்சொல்லியைத் தட்டிப் பார்த்தார். "இது ஒண்ணும் சொல்லலியே மேடம்."

அதுதான் வினை. நாணயம் அளவுள்ள அந்தக் கருவி நாக்கின் நரம்பையும் மூக்கின் நரம்பையும் படித்து, தன்னிடமுள்ள நாற்பத்திரண்டாயிரம் சுவைகளோடு ஒப்பிட்டு, இன்ன சுவை என்று காதில் சொல்லும். காய்ச்சலில் ருசி போனவர்களுக்காகச் செய்த கருவி. இப்போது பல் முளைக்கும்போதே பிள்ளைகளுக்கு ஒட்டிவிடுகிறார்கள். 'உப்பு தூக்கல்' என்று காதில் விழுந்த பிறகுதான் சாம்பாருக்கு முகம் சுளிக்கிறார்கள். சொல் வந்தால் ருசி வரும், வராவிட்டால் நாக்கு சும்மா கிடக்கும். பெர்னதெத்தின் ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. ஊரிலேயே சுவைச்சொல்லி ஒட்டாத பிடிவாதக்காரி அவள் ஒருத்திதான்.

"அப்ப நானே எழுதித் தர்றேன், பதிஞ்சுக்குங்க."

"செஞ்சவங்க சொல்லு செல்லாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சுவைப்பேர் இல்லாத பானத்த விக்கவும் கூடாது, வெச்சிருக்கவும் கூடாது. இன்னிக்கே தொட்டியத் தொறந்து வடிச்சிடுங்க."

இரண்டாயிரம் லிட்டர். ஈஸ்ட்டும் அதற்குள்தான் உயிரோடு இருந்தது. மறுபடி பிடிக்கலாமென்றால் அந்தத் தோப்பை வெட்டிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள்.

"அந்தச் சனியனக் கழட்டுங்க சார்! ஒரே ஒரு தடவை உங்க சொந்த நாக்குல குடிங்க!"

கடைத்தெருவில் வேட்டியை அவிழ்க்கச் சொன்னதுபோல் கலியபெருமாள் பதறினார். ஆனால் விதிப்புத்தகத்தில் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்தது. கருவி வாயடைத்துப்போனால் அதிகாரி தன் நாக்கால் சுவைத்துச் சொல்லலாம், அவர் சொல்லும் முதற்சொல்லே பதிவாகும். பதினோரு வருஷ வேலையில் அவர் அதைத் தொட்டதில்லை. தயங்கித் தயங்கிக் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

பெர்னதெத் புதுக் கோப்பையில் ஊற்றினாள். நுரை விளிம்பு தாண்டிப் பொங்கியது. "பெல்ஜியத்துல குளிர்காலத்துல காய்ச்சி வெச்சு, கோடையில வயல் வேலைக்கு வர்ற ஆளுங்களுக்கு ஊத்தினது சார் இது. செசோன்னு பேரு, தாகத்துக்குன்னே செஞ்ச பீர். இனிப்பு நிக்காது. அவசரப்படாதீங்க."

கண்ணை மூடி ஒரு மிடறு குடித்தார். நெற்றி சுருங்கியது. இரண்டாவது மிடறு. மூன்றாவதில் அவர் முகம் மலர்ந்தது.

"ஏதோ கசப்பு... சுருக்குன்னு ஒரு காரம்... ஆங்! சுண்டைக்காய் வத்தல்!"

மேஜைமேல் கருவி பச்சையாய் மின்னியது. பதிவாகிவிட்டது.

"சுண்டைக்காயா?" பெர்னதெத் அலறினாள். "என் பீர்லயா?"

"சத்தியமா மேடம்!" அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "எனக்கே தெரிஞ்சுது. எவனும் சொல்லாம எனக்கே தெரிஞ்சுது!"

அவளுக்குச் சட்டென்று சந்தேகம் தட்டியது. "மத்தியானம் என்னா சாப்ட்டீங்க?"

"வத்தக்குழம்பு. கை கழுவுன கையோட நேரா இங்கதான்..." கலியபெருமாள் நாக்கால் கடைவாயைத் துழாவினார். பிறகு விரலை விட்டு எதையோ எடுத்துப் பார்த்து, அவசரமாகக் கைக்குட்டையில் துடைத்தார்.

"ஐயோ கடவுளே! மாத்துங்க சார்!"

"பதிஞ்சா பதிஞ்சதுதான். ஊர்ல எல்லாக் காதுக்கும் போயிருக்கும். தொட்டி தப்பிச்சுது இல்ல, சந்தோஷப்படுங்க." கருவியை ஒட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஒரே வாரத்தில் கடைவாசலில் வரிசை நின்றது. குடித்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடி, "ப்பா, என்னா சுண்டைக்காய்!" என்றார்கள். ஒரு பெண் அப்பளம் கொண்டுவந்து தொட்டுக்கொண்டு குடித்தாள். "சுண்டைக்காய் இல்லீங்க, மிளகு! முந்திரிப்பூ! காஞ்ச புல்லு!" என்று பெர்னதெத் தொண்டை கிழியக் கத்தினாள். அவர்கள் காதைத் தொட்டுக் காட்டி, தான் செய்ததன் ருசி தனக்கே தெரியாத பாவம் என்று சிரித்தார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஞாயிறு காலை கடையைச் சாத்திக்கொண்டு தனக்கென்று ஒரு கோப்பை ஊற்றினாள். ஊர் எக்கேடோ கெட்டுப் போகட்டும், தன் நாக்குக்குத் தெரியும். முதல் மிடறில் மிளகு வந்தது. முந்திரிப்பூவுக்காகக் காத்திருந்தாள். இரண்டாவது மிடறில் வேறேதோ வந்தது. சீ என்று துப்பினாள். வாய் கொப்பளித்து, வெறும் சோறு ஒரு வாய் தின்று, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி குடித்தாள்.

சுண்டைக்காய் வத்தல். நல்லெண்ணெயில் வறுத்தது.

பெர்னதெத் மெதுவாகக் கையை உயர்த்தி, காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். அங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை.