அட்டை ஏறாத கால்

டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாக்கண்ணு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியபோது நல்ல பகல்தான். ஆனால் அக்கரப்பத்தனைப் பனிமூட்டத்தில் பகலென்ன, இரவென்ன? பஸ் நின்ற இடத்திலிருந்து புருசன் சோலைமலை அவளைத் தோளில் சாய்த்து, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் வந்தான். நாளெல்லாம் சரிவில் நின்று தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறவன். தன் கால் உளைச்சலை அவன் வெளியே சொன்னதேயில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவளும் அக்கா காளியாயியும் மஸ்கெலியாவில் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போனார்கள். திரும்பும்போது மூட்டத்தில் வளைவு தெரியாமல் கார் பள்ளத்தில் உருண்டது. பெட்ரோல் கொட்டிக் கிடந்த அந்த இடத்திலேயே அக்கா போய்விட்டாள். அம்மாக்கண்ணுவுக்கு வலது கால் மூன்று இடத்தில் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, வலி கொஞ்ச நாள் இருக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

கொஞ்ச நாளாம்! அந்த வலியை அவரிடம் ஒரு நாள் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை யாரோ கத்தியை விட்டுத் திருகுவது போல இருந்தது. தோட்டத்துத் தைலம், தவிட்டு ஒத்தடம், மந்திரித்த கயிறு, ஒன்றும் எடுபடவில்லை. இதற்கு நடுவில் கங்காணி வேறு வாசலில் வந்து நின்றார்.

"மாசக் கடைசிக்குள்ள, காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு வந்து நிக்கணும்மா. இல்லன்னா பேர வெட்டிருவாங்க. ஆபீஸ்ல கண்டாக்கையா சொல்லிட்டாரு."

எல்லோரும் மலைக்குப் போனபின் லயம் வெறிச்சென்று கிடக்கும். தகரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கும். வலி வந்தால் ஊரே "அம்மா" என்று கத்தும். தாயில்லாமல் அக்கா கையில் வளர்ந்த இவளுக்கு வாயில் வந்தது "அக்கா!"தான்.

"செத்தவளக் கூப்புடாதடி" என்று அடுத்த வீட்டு வேலாயி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். வலிக்கு அதெல்லாம் தெரியுமா?

ஒரு மத்தியானம் பெட்ரோல் வாசம் வந்தது.

கார் ரோடு அங்கிருந்து ஒரு மைல்.

கம்பளிக்கடியில், கால்மாட்டில், ஒரு கை நுழைந்தது. ஈரக் கை. கெண்டைக்காலைப் பெருவிரலால் மூன்று தரம் நீவி, மெதுவாக ஒரு தட்டுத் தட்டியது. அக்கா நீவுவது அப்படித்தான்.

அம்மாக்கண்ணு கண்ணைத் திறக்கவில்லை.

"அக்கா?"

வலி நின்றுவிட்டது.

பயந்தாளா என்றால், பயந்தாள்தான். ஆனால் வலி நின்ற சுகம் இருக்கிறதே, அது பயத்தையும் விழுங்கிவிட்டது. மறுநாள் அவளே கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். பத்தாம் நாள் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டில் போய் நின்றபோது சோலைமலைக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று நல்ல மழை. கொழுந்து எடுத்து இறங்கியதும் பெண்கள் கல்லில் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டைகளுக்குச் சுண்ணாம்பு வைத்தார்கள். அம்மாக்கண்ணுவின் இடது காலில் பதினொன்று இருந்தன. வலது காலை வேலாயி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒன்றுகூட இல்லை.

வேலாயி ஓர் அட்டையைப் பிடித்து அந்தக் காலில் விட்டாள். அது நெளிந்தது, நீண்டு தடவிப் பார்த்தது, சுருண்டு கீழே விழுந்தது.

"பொணத்து மேலதான்டி அட்ட ஏறாது."

அம்மாக்கண்ணு கொண்டை ஊசியை உருவி அந்தக் காலில் குத்தினாள். வலிக்கவில்லை. ரத்தம் வரவில்லை. கை நீவிய கெண்டைக்காலில் தொடங்கிய சில்லிப்பு தொடைவரை ஏறியிருந்தது.

மறுநாள் மலைக்குப் போகவில்லை. பெட்ரோல் வாசம் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேணாங்க்கா. என் வலி எனக்கே இருக்கட்டும். கால் ஒளைச்சல்னு கெடக்குறவங்க இந்தத் தோட்டத்துல எத்தனையோ பேரு. அவுங்களப் பாத்துப் போக்கா."

கை நின்றது. பிறகு விலகியது.

வலி வந்தது பாருங்கள்! கத்தினாள், கதறினாள், அந்தக் கதறலுக்கு நடுவில் சிரித்தாள். மாசக் கடைசியில் பேரை வெட்டினார்கள். வெட்டட்டும். தினமும் இரவெல்லாம் முனகி, விடியும் நேரம்தான் கண்ணயர்ந்தாள். ஒரு வாரம் கழித்துக் கொல்லைப்பக்கம் தடியூன்றிப் போனபோது வலது காலில் ஓர் அட்டை ஏறியது. அதைப் பிடுங்காமல், வயிறு நிறையக் குடித்து அதுவாக விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கால் அவளுடையதாகிவிட்டது.

அன்று சாயங்காலம் சோலைமலை மழையில் நனைந்து வந்தான். அம்மாக்கண்ணு அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கிக் கால் கழுவும் சட்டியில் ஊற்றி வைத்துவிட்டு, சுண்ணாம்பு எடுக்கத் திரும்பினாள்.

"சுண்ணாம்பு வேணாம் புள்ள. நாலஞ்சு நாளா ஒன்னுகூட ஏறல" என்று சிரித்தான். "ஒளைச்சலும் போன எடம் தெரியல. அவ்வளவு வலியில நீ விடியக்காலம் எந்திரிச்சு எனக்கு நீவி விட்றியே, என்ன சொகமா இருக்கு தெரியுமா? கைதான் ஐசு மாதிரி இருக்கு."

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

சட்டியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதில் அவள் இன்னும் பச்சைத்தண்ணி கலக்கவில்லை.

இரண்டு காலையும் அதற்குள் முங்க வைத்துக்கொண்டு, அவன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.