உள்ளே யாரும் இல்லை

சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. டயரில் பாதி, தார்ச்சாலையில் பாதி. போன வாரம் இழுத்தது, ஒரு நூல்கூட விலகவில்லை. காரின் கண்ணாடிகள்தான் உள்பக்கமாக வியர்த்திருந்தன.

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். மழை இல்லை. பக்கத்து வண்டிகளின் கண்ணாடிகளில் வெறும் புழுதி.

கேட்பாரற்று நிற்கும் வண்டிகளை அகற்றுவது நகராட்சியில் அவர் வேலை. அறிவிப்பு ஒட்டி, கோடு இழுத்து, ஏழு நாள் பொறுக்க வேண்டும். கோடு பிசகவில்லை என்றால் வண்டியைத் தூக்கி நசுக்க அனுப்பலாம். அதற்கு முன் கதவைத் திறந்து பார்த்து, 'உள்ளே யாரும் இல்லை' என்ற படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அன்றைய படிவங்கள் எல்லாவற்றிலும் காலையிலேயே, டீ ஆறுவதற்குள், அவர் கையெழுத்திட்டுவிடுவார். பதினோரு வருடமாக அப்படித்தான்.

போன மாதம் ஒரு நீல வேனைத் திறந்து பார்க்காமலே அனுப்பினார். நசுக்கும் இயந்திரத்துக்காரர் போன் செய்தார்.

"சார், உள்ள ஏதோ தட்டுது. பாத்தீங்கல்ல?"

"பாக்காமலா கையெழுத்துப் போட்டேன்? துருப்பிடிச்ச இரும்பு கத்தத்தான்யா செய்யும்."

மறுநாளிலிருந்து அந்த ஆள் வேலைக்கு வரவில்லை. சூப்பர்வைசருக்குத் தூக்கம் வரவில்லை. இனி ஒன்று விடாமல் திறந்து பார்ப்பதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். காலைக் கையெழுத்தை மட்டும் விட முடியவில்லை.

"என்ன சார், மாமியார் வீட்டு வாசலா? இவ்ளோ யோசிக்கிறீங்க!" வண்டி தூக்கும் லாரியிலிருந்து டிரைவர் சிரித்தார். "படிவம் எங்கிட்ட இருக்கு. எப்பவும்போலக் கிளம்புங்க. அக்கா தேடுவாங்க."

"நீ லாரியத் திருப்பிட்டு வாய்யா. நான் பாத்துக்கறேன்."

லாரி உறுமிக்கொண்டு தெருமுனைக்குப் போனது. அந்த உறுமல் தேயத் தேய, மாலை வெளிச்சம் சுவர்களிலிருந்து இறங்கி வடியும் அந்த நேரத்தில், காருக்குள்ளிருந்து ஈரத்துணியைத் தரையில் இழுப்பது போன்ற ஒரு சத்தம் மெல்லக் கேட்டது. பின்கண்ணாடியின் மங்கலில் ஓர் இடம் தெளிந்தது. உள்ளங்கை அகலம். யாரோ துடைத்தது போல.

"யாரு உள்ள?"

பின்கதவைத் திறந்தார். துரு, ஊறிய பஞ்சு, அதற்கடியில் பல நாள் வாய் திறக்காதவரின் மூச்சுவாடை. சீட்டில் முழங்காலை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. சீட்டில் நனைந்த தாள் ஒன்று. அவர் கையால் எழுதி ஒட்டிய அறிவிப்பு. நீல வேனுடையது.

கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே கைப்பிடி இல்லை. யாரோ எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். போன் ஸ்கூட்டர் பெட்டியில். ஸ்கூட்டர் அடுத்த தெருவில்.

லாரி திரும்பி வந்தது. டிரைவர் இறங்கிச் சங்கிலியை மாட்டினார். உள்ளே சூப்பர்வைசர் கத்த வாயைத் திறந்தார். பின்னாலிருந்து ஒரு குளிர்ந்த கை மூக்கையும் வாயையும் சேர்த்து மூடியது.

கண்ணாடியைத் தட்டினார். மீண்டும் தட்டினார்.

டிரைவர் நின்றார். காதைச் சாய்த்தார். படிவத்தை எடுத்துப் பார்த்தார். கையெழுத்து இருந்தது.

"துரு கத்துது," என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

சங்கிலி இறுகியது. கார் எழும்பியது. கோட்டின் பாதி சாலையிலேயே தங்கியது.

கை இறுகியது. அவரால் மூச்சு விட முடியவில்லை. கண்ணாடியில் மங்கல் மட்டும் சீராக, மூச்சுக்கு மூச்சு, படர்ந்துகொண்டே இருந்தது.