மெயின் ஆளைத் தேடும் கேமரா

ராயபுரத்தில், ஒரு காலத்தில் கருவாட்டு மூட்டை அடுக்கிய கிடங்கில்தான் 'ராயல் ஹார்பர் சிம்பொனி' ஒத்திகை பார்க்கும். பெயரைக் கேட்டு நூறு வயலின்களைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பாட ஃப்ரெடி, கிடாருக்கு ஜெரி, கீபோர்டுக்கு ஹெப்சிபா. கல்யாண வரவேற்பில் பிரியாணிப் பந்தி ஓயும்வரை பாடுகிற கூட்டம். விசிட்டிங் கார்டில் மட்டும் ஃப்ரெடி 'மேஸ்ட்ரோ'.

அன்று மத்தியானம் மேஸ்ட்ரோ கறுப்புக் கண்ணாடியோடு கிடங்குக்குள் நுழைந்தான். கையில் கேம்கார்டர் பெட்டி.

"போன்ல எடுத்தா ஆவாதா?" என்றான் ஜெரி.

"போன்ல பர்த்டே கேக்கு வெட்டறத எடுப்பாங்க. ஆர்ட்டிஸ்டுக்கு கேம்கார்டர்டா மாமு!"

துறைமுகத்திலிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பலில் சீசன் முழுக்கப் பாட ஆள் எடுக்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் எடுத்த ஒரு பாட்டு வீடியோ, அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த நம்பிக்கையில் ஃப்ரெடி கன்டெய்னர் யார்டு வேலையையே விட்டுவிட்டான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பீச் ஸ்டேஷன் எதிரே கேமராக் கடை வைத்திருக்கும் அத்தாவுல்லா பாய், கட்டுப்படியாகிற விலையில் இரண்டு கேம்கார்டர் காட்டியிருந்தார். ஒன்றில், சத்தம் எவ்வளவு எகிறினாலும் கரகரக்காமல் பதிவாகும். "பேண்டுக்கு இதான் சார் கரீக்ட்டு," என்றார். இன்னொன்று, முகத்தைக் கண்டால் மஞ்சள் கட்டம் போடும். கூட வருகிற ஸ்டாண்டு அந்த முகத்தின் பக்கம் தானே திரும்பும்.

"நெறைய மூஞ்சி இருந்தா?" என்று கேட்டான் ஃப்ரெடி.

"மெயின் ஆள் யாருன்னு அதுவே பாத்துக்கும்."

அதற்கப்புறம் ஃப்ரெடி சவுண்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கிடங்கின் மூலையில் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய டிரம் செட் ஒன்று கிடந்தது. அவர்களோடு வாசித்த ஷிபினுடையது. மணலி ரோட்டில் டேங்கர் லாரி அவன் பைக்கை இடித்த நாளிலிருந்து தாளத்தையும் கீபோர்டுதான் பார்த்துக்கொள்கிறது. ஃப்ரெடி ஷீட்டை உருவினான். "பின்னாடி இருக்கட்டும். ஒரு கெத்து."

ஹெப்சிபாவுக்குப் பொறுக்கவில்லை. "அவன் நெனவுப் பூசைக்கு வைக்க ஜானட்டு கேட்டப்ப அவன் வாசிக்கிற வீடியோ ஒண்ணுகூட நம்மகிட்ட இல்ல. இப்ப அவன் டிரம்ஸ் மட்டும் வோணுமா ஒனக்கு?"

ஷிபினின் மனைவி ஜானட் கேட்டது உண்மைதான். எல்லா வீடியோவிலும் ஃப்ரெடி இருந்தான். ஃப்ரெடியின் தோளுக்குப் பின்னால் எழுந்து எழுந்து இறங்கும் இரண்டு குச்சி முனைகள் இருந்தன. அவ்வளவுதான். "ஒரு தபா என்னையும் காட்டேன் மாமு," என்று ஷிபின் சிரித்துக்கொண்டே கேட்பான். "மெயின் ஆளத்தான்டா ஜனம் பாக்கும்," என்பான் ஃப்ரெடி.

கேமராவின் சின்னத் திரையைத் தங்கள் பக்கம் திருப்பிவைத்துப் பாட்டைத் தொடங்கினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. மஞ்சள் கட்டம் ஃப்ரெடியின் முகத்தில் விழுந்தது.

கிர்ர்ர்.

ஸ்டாண்டு அவனைத் தாண்டித் திரும்பியது. கட்டம், டிரம் செட்டுக்குப் பின்னால் காலியாக இருந்த ஸ்டூலுக்கு மேலே, ஆள் உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்தில் நின்றது.

"கண்ணாடியக் கழட்டு. ஒன் மூஞ்சி தெரியல போல," என்றான் ஜெரி.

கல்யாண மண்டபத்துக்குள்கூடக் கழற்றாத கண்ணாடியை ஃப்ரெடி கழற்றினான். மறுபடி பாடினான்.

கிர்ர்ர்.

திரையில் ஸ்டூல்தான் இருந்தது. ஓரத்தில் மைக் பிடித்த விரல்நுனிகள் மட்டும். மேஸ்ட்ரோவுடையவை.

"அத தூக்கி வெளிய போடு!" என்று கத்தினான். மூன்று பேருமாக டிரம் செட்டை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். வெளியே கடல்காற்று அடங்கியிருந்தது. தெருவில் லாரிச் சத்தம்கூட இல்லை.

மூன்றாம் முறை கேமரா நேராக வாசலைப் பார்த்தது.

அங்கே யாரும் இல்லை.

பிறகு மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. உள்ளே நடந்து வருகிற ஒருவனைத் தொடர்வதுபோல, நிதானமாக. ஜெரியைக் கடந்தது. ஹெப்சிபாவைக் கடந்தது. கீபோர்டு நின்றுபோயிற்று.

கட்டம் ஃப்ரெடியின் தோளுக்குப் பக்கத்தில், வெறும் காற்றில் நின்றது.

"ஏசுவே..." என்றாள் ஹெப்சிபா.

ஃப்ரெடி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வாசனை வந்தது. குச்சி வழுக்காமலிருக்க ஷிபின் உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ளும் பவுடர் வாசனை.

கேமராவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. பின்னால் தொங்கிக்கொண்டு வந்தவர்கள்கூட.

"பாய், இது வேணாம். அந்த இன்னொண்ணக் குடு. மூஞ்சியத் தேடாதது." வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இப்போது எடுத்தால்கூடக் கப்பலுக்கு அனுப்பிவிடலாம்.

அத்தாவுல்லா பாய் அதை வாங்கி உள்ளே வைத்தார். மற்ற கேமராவை எடுத்து, ஹெட்போனைத் தன் காதில் மாட்டி, மைக்கை ஃப்ரெடி பக்கம் நீட்டினார். முகம் மலர்ந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல சார்? சவுண்டு இன்னா க்ளீனா கீது பாருங்க. உங்க கூட வந்த தம்பி தட்றதுகூட கேக்குது."

ஃப்ரெடி தனியாகத்தான் வந்திருந்தான்.

பாய் ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் மாட்டினார்.

டக். டக். டக். டக்.

குச்சியோடு குச்சி. நாலு தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி நாலு தட்டு. பாடுகிறவன் ஆரம்பிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருக்கிற மாதிரி.